காவலனுக்கு யார் காவல்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வழியாக மேற்கே போனால், இனிப் போக வழியில்லை என்று பாதை மலையில் முட்டிக்கொள்ளும் இடத்தில் பிளவக்கல் இருக்கிறது. பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு காட்டாறுகளுக்கும் அங்கே அணை கட்டியிருக்கிறார்கள். அணைக்குக் கீழே தென்னையும் மாவும் அடர்ந்த தோப்புகள். மேலே மேற்கு மலைத் தொடரின் நீல வண்ணம். மாலை வேளையில் அங்கே வீசும் காற்றை அனுபவித்தவர்கள் பட்டணத்துக்குத் திரும்ப மனமில்லாமல்தான் திரும்புவார்கள்.

அந்தப் பக்கத்தில் என் நண்பர் ஒருவருக்குத் தோப்பு இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அந்தத் தோப்பை ராஜா என்ற இராஜபாளையம் நாய் காத்து வந்தது. பால் போன்ற வெண்மை. ரோஜா நிற மூக்கு. தேன் நிறக் கண்கள். அந்நியர் யாராயினும் வேலிக்கு இப்பால் கால் வைக்க முடியாது. வீட்டாரிடமோ குழந்தையைப் போல் கொஞ்சும்.

ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் நானும் நண்பரும் மோட்டார் சைக்கிளில் அணைக்குக் கிளம்பினோம். ராஜாவும் பின்னாலேயே ஓடி வந்தது. “நல்ல ஓட்டக்காரன்; ஓடட்டும்” என்றார் நண்பர். நானும் திரும்பித் திரும்பிப் பார்த்து மகிழ்ந்தேன். போய்த் திரும்பித் தோப்பில் இறங்கியதும் காவற்காரர் ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, ராஜா தள்ளாடுதே! நாக்கைப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்கு!” என்றார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராஜா கால் மடங்கி விழுந்தது. மூச்சு இரைந்தது, வாயில் நூல் நூலாகக் கோழை வடிந்தது. படித்தவன் என்ற ஹோதாவில் நான் யோசனை சொல்லத் தொடங்கினேன். கோணிச் சாக்கை நனைத்து நாயைப் போர்த்தச் சொன்னேன். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினேன். அடுத்த தோப்புப் பெரியவர் மோரில் உள்ளி தட்டிப் போட்டுப் புகட்டினால் உஷ்ணம் தணியும் என்றார், அதையும் செய்தோம். இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. பிறகுதான் காருக்கு ஆள் அனுப்பினோம். வைத்தியரிடம் போய்ச் சேர்வதற்குள் ராஜாவின் மூச்சு நின்றுவிட்டது.

மிருக வைத்தியர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “தோப்பில் கிணறு உண்டா?” என்று மட்டும் கேட்டார்.

“உண்டு. பம்ப்செட்டும் தொட்டியும் இருக்கின்றன” என்றார் நண்பர்.

“அந்தத் தொட்டியில் இறக்கித் தலை நனையாமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கலாமே!” என்றார் வைத்தியர்.

அந்த ஒரு வார்த்தையை இன்றளவும் என்னால் மறக்க முடியவில்லை. ராஜாவுக்கு நாங்கள் அன்பு வைத்திருந்தோம். ஆனால் அறிவை வைக்கவில்லை. நேயர்களில் யாருக்கும் அந்த வருத்தம் வரக்கூடாது என்பதற்காகவே, அன்று முதல் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டுச் சொத்து

இராஜபாளையத்து நாயைப் பற்றித் தமிழர்கள் பெருமை கொள்ள நியாயம் இருக்கிறது. விஜயநகர காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் இதைப் பேணி வளர்த்தார்கள் என்று அவ்வூரில் வழங்குகிறது. பாளையக்காரர்களின் படையிலும் வேட்டையிலும் இது இடம் பெற்றிருந்தது என்பர். அதனால் ‘பாளையக்காரர் நாய்’ என்ற பெயரும் இதைச் சார்ந்தது. பக்கத்திலுள்ள சிப்பிப்பாறை, தேனிப் பக்கத்துக் கோம்பை, கன்னி என்று நம் சீமையிலேயே இன்னும் சில ஜாதி நாய்கள் உண்டு.

ஆனால் இந்தியா முழுதும் நெடுங்காலம் ஒரு மோகம் இருந்து வந்தது. நாய் என்றால் அல்சேஷியனும் லாப்ரடாரும்தான்; நாட்டு நாய் என்றால் தெருநாய் என்று ஏளனம். குளிர்ந்த தேசத்துக்கு ஏற்ற சடைமயிர் நாயைக் கொண்டுவந்து, மதுரை வெய்யிலில் ஏர்கண்டிஷன் அறையில் அடைத்து வளர்ப்பதைக் கௌரவமாக நினைத்தார்கள். சுதேசிகளின் மதிப்பு மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்காக ஒரு பண்ணை நடத்தியது. 2005ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு இராஜபாளையமும் அவற்றில் இடம் பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில், வீட்டில் நாய் வளர்க்க விரும்புவோர் நாட்டு ஜாதிகளை வளர்க்கலாம் என்று சொல்லி, இராஜபாளையத்தையும் கன்னியையும் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

இவையெல்லாம் மகிழத்தக்கவையே. ஆனால் சுதேசி என்று சொல்லி ஒரு குட்டியை வாங்கிவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? கதரை வாங்கிக் கசங்கவிட்டால் துணிக்குத்தான் கேடு. உயிரை வாங்கிக் கவனியாமல் விட்டால் அது பாவம் அல்லவா?

வெண்மைக்குக் கொடுக்கும் விலை

முதலில் ஒரு கசப்பான விஷயம். ‘தும்பைப் பூப் போல் வெளுப்பாக இருக்க வேண்டும்’ என்று எல்லாரும் கேட்பதால், வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளையையே வெள்ளையோடு சேர்த்து வந்தார்கள். நிறக் குட்டிகள் பிறந்தால் கழித்துவிடுவதும் உண்டு. நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இனவிருத்தி நடந்தது. இதன் பலன் செவிடு.

தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகிற அணுக்கள் உட்காதிலும் இருக்கின்றன. காதின் நுட்பமான நரம்பு முனைகள் பிழைத்திருக்க அவை வேண்டும். நிறம் அறவே இல்லாத குட்டிகள் சிலவற்றில் அவை உட்காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி மாண்டுவிடுகிறது. இது உலகத்து வெள்ளை நாய் ஜாதிகள் பலவற்றிலும் காணும் குறை.

குட்டி வாங்கப் போகிறவர் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மற்றக் குட்டிகளிடமிருந்து அதைப் பிரித்து, அது பாராத பக்கத்தில் நின்று, தரை அதிராமல் சாவிக்கொத்தை ஆட்ட வேண்டும். காது நிமிர்கிறதா, தலை திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு காது மட்டும் செவிடான குட்டி இச்சோதனையில் தப்பிவிடும். ஒலி கேட்கும்போது மூளையில் எழும் மின் அதிர்வை அளக்கும் கருவியால்தான் அதை அறியலாம். செவிட்டு நாயையும் கை ஜாடையால் பழக்கி அன்பாக வளர்க்கலாம். ஆனால் அதிலிருந்து குட்டி எடுக்கலாகாது. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பவரிடம் வாங்கவே கூடாது.

தினசரிப் பராமரிப்பு

வயலையும் தோப்பையும் காத்து ஓடிப் பழகிய ஜாதி இது. இரண்டடிக்கு மேற்பட்ட உயரம், நீண்ட கால், ஆழ்ந்த மார்பு. இதை அடுக்கு மாளிகையின் பால்கனியில் கட்டிப்போட்டால், அது குரைத்துக் குரைத்து அண்டை வீட்டாரின் பகையைத் தேடித் தரும். காலையிலும் மாலையிலும் ஓட இடம் வேண்டும். வேலி நன்றாக இருக்க வேண்டும். சிறு வயதிலேயே மனிதரோடும் மற்றப் பிராணிகளோடும் பழக்காவிட்டால், பெரிதானபின் விருந்தாளிகளுக்கு ஆபத்து.

உணவு விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. பழைய சோறும் தயிரும் போட்டுவிட்டுக் கடமை தீர்ந்ததென்று நினைக்கிறோம். நாய்க்கு மாமிச சத்து அவசியம். வேகவைத்த இறைச்சியோ முட்டையோ கலந்து, நாளைக்கு இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்; ஆகையால் போடலாகாது. பசும்பால் பல நாய்களுக்கு ஜீரணமாவதில்லை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்கலேட் ஆகியவை நாய்க்கு விஷம். நாங்கள் ராஜாவுக்குப் புகட்டிய உள்ளிமோரை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

உண்ணி நம் பக்கத்து நாய்களுக்குப் பெரும் சத்துரு. அது இரத்தத்தைக் குடிப்பதோடு இரத்தத்தில் நோயையும் விட்டுச் செல்கிறது. நாய் உண்ணாமல் சுருண்டு படுத்தாலும், ஈறு வெளுத்தாலும், மூக்கில் இரத்தம் கசிந்தாலும் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவி உண்ணியைப் போக்குவது பழைய பழக்கம். அது தோலைச் சுடும், நக்கினால் உடலைக் கெடுக்கும். வைத்தியர் தரும் மருந்தே போட வேண்டும். சுவர் வெடிப்பிலும் கூண்டின் இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும் ஆதலால், நாயைப் போலவே இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.

தடுப்பூசியா, தலைவிதியா?

குட்டி நாய்களை வாரிக்கொண்டு போகிற நோய் ஒன்று உண்டு. பார்வோ என்பது அதன் பெயர். 1978ஆம் ஆண்டையொட்டித்தான் அது உலகத்தில் தலைகாட்டியது; சீக்கிரமே எல்லாத் தேசங்களிலும் பரவிவிட்டது. குட்டி முதலில் உண்ண மறுக்கும்; பிறகு ஓயாத வாந்தி; அதன் பின் துர்நாற்றத்தோடு இரத்தபேதி. உடலிலுள்ள நீர் முழுதும் வற்றி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து இரத்தக் குழாய் வழியாக உப்புநீர் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றால் நாளைக்குக் குட்டி இராது.

இந்தக் கிருமி மண்ணிலே பல மாதங்கள் சாகாமல் கிடக்கும். பினாயிலை நம்ப முடியாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் முப்பது பங்கு தண்ணீர் கலந்து இடத்தைக் கழுவ வேண்டும். ஒரு குட்டி இந்நோயால் மாண்ட வீட்டில், ஊசி முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவருவது அதையும் பலி கொடுப்பதாகும்.

ஆறு அல்லது எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி. பின் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறையாகப் பதினாறாவது வாரம் வரையில் தொடர வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்துவது பாதி ஆற்றில் படகை விடுவதற்கு ஒப்பாகும். தாய்ப்பாலில் வந்த காப்பு குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பற்றாது. அது எப்போது நீங்கும் என்று திட்டமாகச் சொல்ல முடியாததால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடிக்கான ஊசி. அதைப் பிறகு வருஷந்தோறும் வைத்தியர் சொன்னபடி போட வேண்டும். 1885 ஜூலை 6ஆம் தேதி, பாரிஸ் நகரில், வெறிநாய் கடித்த ஜோசப் மீஸ்டர் என்னும் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலில் ஊசி போட்டு உயிர் காத்தார். நம் நாட்டிலும் நீலகிரியின் குன்னூரில் 1907 முதல் அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் இயங்கி வருகிறது. இவ்வளவு காலமாக மருந்து இருந்தும், நோயின் குறி தோன்றிய பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. நாய் கடித்தாலும் கீறினாலும், தம் வீட்டு நாயாயினும், காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிளகாயும் சுண்ணாம்பும் தடவுவது உயிரோடு விளையாடுவதே.

ஆபத்து வந்தால்

நோயை அறிய வேண்டுமானால் முதலில் சுகத்தை அறிந்திருக்க வேண்டும். நலமாக இருக்கும் நாயின் உடல் உஷ்ணம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம்மை விடச் சூடு அதிகம். ஆகவே தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யக் கூடாது. படுத்திருக்கும்போது நிமிஷத்துக்குப் பத்து முதல் முப்பது மூச்சு. பின்தொடையின் உட்புறத்தில் விரல் வைத்தால் நாடி தெரியும்; பெரிய நாய்க்கு நிமிஷத்துக்கு 60 முதல் 120 துடிப்பு. ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். குழந்தைகளைக் கொண்டே இவற்றை மாதம் ஒரு முறை பார்த்துக் குறித்து வைக்கலாம். அவர்களுக்கும் அது நல்ல பாடம்.

*வெய்யில்.* நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்கு விசிறி. சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது அந்த விசிறி பயன்படாது. தள்ளாட்டம், செங்கல் நிற ஈறு, வாந்தி, மயக்கம் ஆகியவை கண்டால் முதலில் குளிர்விக்க வேண்டும். அதன் பிறகே வண்டி. நிழலில் கிடத்திக் கிணற்று நீரையோ குழாய் நீரையோ உடல் முழுதும் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். நனைந்த துணியையோ சாக்கையோ போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். நான் செய்த தவறு அது. நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதுவும் நான் செய்தது. உஷ்ணம் 103.5 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்த வண்டியில் வைத்தியரிடம் போக வேண்டும். எழுந்து நடந்தாலும் போகத்தான் வேண்டும். உள்ளுறுப்புகளுக்கு நேர்ந்த சேதம் மறுநாள்கூட வெளிப்படலாம்.

*வயிறு உப்புதல்.* மார்பு ஆழ்ந்த ஜாதிகளுக்கே உரிய அபாயம் இது. ஒரே வேளையில் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு ஓடினால், சில சமயம் இரைப்பையில் வாயு நிறைந்து, இரைப்பையே முறுக்கிக்கொள்ளும். நாய் வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. நிலைகொள்ளாமல் எழுந்தும் படுத்தும் தவிக்கும். வயிறு பறை போல் இறுகும். இதற்குக் கஷாயமும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. சில மணி நேரத்துக்குள் சஸ்திர சிகிச்சை செய்தால் பிழைக்கும், இல்லையேல் இல்லை.

*விஷம்.* எலி மருந்தும் பூச்சி மருந்தும் தோப்பில் இல்லாத இடம் கிடையாது. பூச்சி மருந்து உட்கொண்ட நாய்க்கு எச்சில் ஆறாக வடியும், உடல் நடுங்கும், கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி வரவழைக்க முயல்வது கெடுதல். மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். இன்னொன்று: நமக்குக் காய்ச்சலுக்கு உதவும் பாரசிட்டமாலும், வலிக்கு உதவும் ஐபூப்ரோபனும் நாய்க்கு நஞ்சாக முடியும். அன்பினால் பாதி மாத்திரை கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

*காயம்.* மலையடிவாரத்தில் காட்டுப் பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழிப்பது உண்டு. சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்தெடுத்துப் பார்த்தால் இரத்தம் உறையாது. காப்பித் தூளும் மஞ்சளும் அப்ப வேண்டாம். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த துணியால் மூடி, போர்வையிலோ பலகையிலோ கிடத்தித் தூக்க வேண்டும். வலியில் இருக்கும் நாய் எஜமானனையும் கடிக்கும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையெனில் துணியால் வாயை இலேசாகக் கட்டுவது நல்லது.

*பாம்பு.* நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மாற்று மருந்துதான் நம் நாட்டில் வழங்குகிறது. செங்கற்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கும் விஷம் இம்மருந்து செய்யப் பயன்படுகிறது. காலங்காலமாகக் காடு சுற்றிய அம்மக்களின் கைத்திறம் எத்தனை உயிர்களைக் காக்கிறது, பாருங்கள்! மனிதருக்குப் போடும் அதே மருந்து நாய்க்கும் போடப்படுகிறது. விரியன் கடித்தால் முகமோ காலோ வீங்கும். ஈற்றிலும் சிறுநீரிலும் இரத்தம் வரும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தால் கண் சொருகிக் கால் துவண்டு மூச்சு அடைக்கும். கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், பாம்பைத் தேடி அடிக்கப் போவதும் வீண். நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்வதே முதல் சிகிச்சை.

காட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு

பிளவக்கல்லின் மேலே உள்ள மலை வெறும் காட்சிப் பொருளல்ல. சாம்பல் நிற மலையணிலுக்காக 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் வனம் சரணாலயமாயிற்று. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அந்த மலையில் செந்நாய் வாழ்கிறது, சிறுத்தை வாழ்கிறது. நம் நாயிடமுள்ள நோய் அவற்றையும் தொற்றும்.

இது வீண் பயமல்ல. டிஸ்டெம்பர் என்னும் நாய்க்கொள்ளைநோய் 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி வனத்தில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது. 2018இல் நம் குஜராத்தின் கீர் வனத்திலும் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது, அந்நோய்க் கிருமி அங்கே கண்டறியப்பட்டது. ஊர் நாய்க்குப் போடும் ஊசி காட்டுக்கும் வேலி என்பது இதனால் விளங்கும். நாயைக் காட்டுக்குள் விரட்டி முயலும் மிளாவும் பிடிக்கும் பழைய வேட்டைக்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இடமே இல்லை. வீரம் என்று யாராவது அதைப் புகழ்ந்தால் நம்ப வேண்டாம்.

மறுபடியும் பிளவக்கல்

ராஜா போன மறு வருஷம் என் நண்பர் வெள்ளச்சி என்ற பெண் குட்டியை வாங்கினார். காதைச் சோதித்து வாங்கினார். ஊசிகளை ஒன்றுவிடாமல் போட்டார். பம்ப்செட் அறைச் சுவரில் வைத்தியரின் தொலைபேசி எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்ற இலவச எண்ணையும் கரியால் பெரிதாக எழுதி வைத்தார். ஒரு டப்பாவில் உஷ்ணமானி, பஞ்சு, துணிச்சுருள், கத்தரிக்கோல், ஊசிக் குறிப்புப் புஸ்தகம் எல்லாம் தயாராக இருந்தன. ‘இதெல்லாம் நாய்க்கு எதற்கு?’ என்று சிரித்தவர்களும் உண்டு.

ஓர் ஐப்பசி மாதத்து மழை இரவில் வரப்போரம் வெள்ளச்சி ‘வீல்’ என்று கத்திற்று. காவற்காரர் விளக்கோடு ஓடினார். முன்னங்காலில் இரண்டு பல் குறி. கால் வீங்கிக்கொண்டே வந்தது. பச்சிலை பிழியலாமென்று ஒருவர் சொன்னார். “வேண்டாம் அண்ணாச்சி! நேரம் போயிரும், ராஜாவுக்குப் போன மாதிரி” என்றார் காவற்காரர். போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டு, போகும்போதே வைத்தியருக்குப் போன் செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். வைத்தியர் கொஞ்சம் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் அசையாமல் வைத்தார். இருபது நிமிஷம் கழித்தும் அது உறையவில்லை. விரியன் விஷம் என்று தெரிந்து மாற்று மருந்தை ஏற்றினார். அன்றிரவு முழுதும் காவற்காரரும் அவர் மனைவியும் ஆஸ்பத்திரித் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் வெள்ளச்சி நொண்டிக்கொண்டே தோப்புக்குத் திரும்பிற்று.

சென்ற சித்திரையில் நான் மறுபடி அங்கே போயிருந்தேன். நண்பர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பியதும் வெள்ளச்சி துள்ளி எழுந்தது. காவற்காரர் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். “பொழுது சாயட்டும் தாயி, அப்புறம் ஓடலாம்” என்று சொல்லி, அதை நிழலுக்கு இட்டுச் சென்று தொட்டியின் பக்கத்தில் கட்டினார்.